படகுப் பலகையில் செய்த துப்பாக்கிப் பெட்டி

தேர்தல் வந்தால் மற்றவர்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு ஆள் வரும். எங்கள் வீட்டுக்கு அதற்கும் முன்னால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "சார், துப்பாக்கிய எப்ப கொண்டாந்து ஒப்படைக்கறீங்க?" என்பார்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் தேர்தல் முடிகிறவரைக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு போவார். கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் தெருவில் அவருக்குத் துப்பாக்கிக்காரர் என்று பெயர். கொசுவைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாத மனுஷனுக்கு வந்த பெயரைப் பாருங்கள்.

அது என் மாமனாருடைய துப்பாக்கி. சீமையில் செய்த இரட்டைக்குழல். எப்போது வாங்கியது, யாரிடமிருந்து வந்தது என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மாமனாருக்கு வீடு சிதம்பரத்தில், நிலம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில். வேர்க்கடலை போட்டால், அதாவது எங்கள் பக்கத்து மல்லாட்டை, காட்டுப்பன்றி கூட்டமாக வந்து கொல்லையையே புரட்டிப் போட்டுவிடும். அதற்காக வாங்கிய லைசென்ஸ்தான். ஆனால் மாமனார் ஒரு பன்றியையும் சுட்டதில்லை. ஸ்ரீமுஷ்ணத்துச் சாமியே பன்றி முகத்தோடு நிற்கிறவர். அவர் எல்லைக்குள் பன்றியைச் சுட்டால் குடும்பம் விளங்குமா என்பார். வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். பன்றிகளும் அதைப் புரிந்துகொண்டு அரை மணி நேரம் ஒதுங்கி இருந்துவிட்டுத் திரும்பி வரும்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். இளையவர், என் கொழுந்தனார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிதம்பரத்திலேயே இருந்துவிட்டார். நல்ல உழைப்பாளி. அந்தக் காலத்தில் குடிப்பார். அதை மறைக்க ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும்.

மாமனார் செத்துப் பதினாறாம் நாள் கருமாதி. பந்தல் முழுக்கச் சொந்தக்காரர்கள். துப்பாக்கி யாருக்கு என்று பேச்சு வந்தது. நிலத்தில் இருக்கிறவனுக்குத்தானே வேண்டும் என்று கொழுந்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, அத்தனை பேர் நடுவில், "ஒன் கையிலயா? குடிச்சிட்டு எவனையாவது சுட்டுட்டு வந்து நிப்ப. கொரங்கு கையில கொள்ளிக்கட்டைய குடுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டார். நாக்கில் சனி உட்கார்ந்தால் அப்படித்தான். கொழுந்தனார் மொட்டை போட்ட தலையை ஒரு தடவை தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார். இவர் துப்பாக்கியை மாமனாருடைய வேட்டியிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல்கூடக் கடலூருக்கு வண்டி ஏறிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அத்தோடு பேச்சு நின்றது. அண்ணன் தம்பி பேசவில்லை என்றால் பெண்டாட்டிகளும் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். ஓரகத்தியும் நானும் அதற்குமுன் அக்கா தங்கை மாதிரி இருந்தவர்கள். பிறகு கல்யாண வீட்டில் எதிரெதிரே வந்தால் அவள் புடவைத் தலைப்பைப் பார்ப்பாள், நான் மேலே சீலிங் ஃபேனைப் பார்ப்பேன். இவர் முகூர்த்தத்துக்குப் போனால் அவர் ரிசப்ஷனுக்கு வருவார். வருஷங்கள் இப்படியே போயின. கொழுந்தனார் குடியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். இவர் அதைக் கேட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். லைசென்ஸை இவர் தன் பேருக்கு மாற்றிக்கொண்டதோடு சரி, துப்பாக்கி எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் சும்மா நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். யாரைச் சுட இதை வைத்திருக்கிறீர்கள் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு ஆவணி மாசம், முதுநகரில் இருக்கிற என் கூடப்பிறந்தவன் வந்து சேதி சொன்னான். அவன் என்னைவிடச் சின்னவன். துறைமுகத்துப் பக்கம் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிறான். இவரை மாமா என்பான், இவர் அவனை மச்சான் என்பார்.

"மாமா, ஒங்க தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம். டயாலிசிஸ் பண்றாங்களாம். ஆள் பாதியா போயிட்டாராம்."

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வாசலில் நின்றார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தோள் இரண்டும் குலுங்கின. நான் கிட்டே போகவில்லை. போனால் வேண்டுமென்றே கோபப்படுவார்.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது சொன்னார். "துப்பாக்கிய அவனுக்கே குடுத்துரலாம்னு இருக்கேன்."

"இப்ப அவரு அத வெச்சிகிட்டு என்னா பண்ணுவாரு? மொதல்ல போயி பாருங்க. ஒரு வார்த்த பேசுங்க" என்றேன்.

"பேசறதுக்கு என்னா இருக்குது? அன்னிக்கு சொன்னத வாயால திருப்பி எடுக்க முடியுமா? அத அவன் கையில குடுத்தாத்தான் எடுத்த மாதிரி."

எனக்குப் புரிந்தது. உன் கையில் கொடுக்கமாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்னவர், இப்போது அந்தக் கையிலேயே கொடுக்க வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் ஆம்பளைகள் வாயில் வராது. அதற்குப் பதிலாக மாட்டைக் கொடுப்பார்கள், மரத்தைக் கொடுப்பார்கள், இவர் துப்பாக்கியைக் கொடுக்கப் பார்த்தார். தம்பி உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கவலை.

என் கூடப்பிறந்தவன் சிதம்பரம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். கொழுந்தனார், "குடுத்தா வாங்கிக்கறேன்" என்று மட்டும் சொன்னாராம். கலெக்டர் ஆபீஸில் பெயர் மாற்றத்துக்கு மனுப் போட்டோம். அது வருகிறபோது வரட்டும் என்று இவர் பெட்டி வேலையை ஆரம்பித்தார்.

பெட்டி எதற்கு என்று நான் கேட்டேன். "அன்னிக்கு வேட்டியில சுத்தி திருடன் மாதிரி தூக்கிட்டு வந்தேன். போறப்ப மரியாதையா போவட்டும்" என்றார். இத்தனை வருஷமும் அந்த வேட்டி இவரை உறுத்திக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கடைசிவரை பேக்கிங்கிலேயே இருந்த மனுஷன். உள்ளே இருக்கிற பொருள் அசையக் கூடாது, அசைந்தால் அது பேக்கிங்கே இல்லை என்பார். ஆனால் மரவேலை தெரியாது. ஆசாரி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "என் கையால செய்யணும்" என்றார். சரி, அதற்கு என்ன மரம்? அங்கேதான் விதி வந்து நின்றது.

முதுநகரில் உப்பனாற்றங்கரை ஓரம் பழைய படகுகளை உடைப்பார்கள். கூடப்பிறந்தவன் அங்கேயிருந்துதான் பலகை எடுப்பான். ஓட்டல்காரர்கள் மேஜைக்கும் பெஞ்சுக்கும் வாங்கிப் போவார்கள். இவரும் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். கருகருவென்று, நாலு விரல் தடிமனில், ஆணி ஓட்டைகளோடு பலகைகள் கிடந்தன. ஒருவர் வேங்கை என்றார், இன்னொருவர் இலுப்பை என்றார். இவர் ஒரு பலகையைத் தட்டினார். கணீரென்று கேட்டது.

"மச்சான், இது எத்தன வருஷம் கடல்ல கெடந்திருக்கும்?"

"அது இருக்கும் மாமா, முப்பது நாப்பது வருஷம்."

"அத்தன வருஷம் தண்ணியில கெடந்தே உளுத்துப் போவல. இதவிட கெட்டியான மரம் எங்க இருக்குது?"

நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். கடலூர்க்காரர்களுக்கு இந்த எண்ணம் ரத்தத்தில் ஊறியது. கடலைத் தாங்கிய மரம் எதையும் தாங்கும் என்பது எங்கள் கணக்கு. வாசற்படிக்கும், மாட்டுக் கொட்டகைக்கும், கிணற்று மூடிக்கும் படகுப் பலகைதான் தேடுவோம். ஒன்றும் ஆனதில்லை. துப்பாக்கி இரும்பு என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கம் தகரம் போட்ட இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தார். துப்பாக்கியைக் குழல் வேறு, தோளில் வைக்கிற கட்டை வேறு, குழலுக்கு அடியில் பிடிக்கிற சின்ன மரம் வேறு என்று மூன்றாகக் கழற்றலாம். அவற்றைப் பலகைமேல் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்து, வரைந்த இடத்தை உளியால் குடைந்தார். துப்பாக்கியின் நிழல் அப்படியே மரத்துக்குள் இறங்க வேண்டும். உளியை அடிக்கிற கொட்டாப்புளிச் சத்தம் காலையில் ஆரம்பித்தால் நான் சோறு போடுகிறவரை ஓயாது. சிராய் என் சமையற்கட்டு வரைக்கும் பறந்து வரும். ஒருநாள் ரசத்தில் கிடந்தது.

"இது என்னா, மரப்பட்டை கஷாயமா?" என்று இவர் முன்னாலேயே கரண்டியால் எடுத்துக் காட்டினேன்.

"ஒடம்புக்கு நல்லது, குடி" என்றார்.

ரிட்டயர் ஆன பிறகு அவர் என்னிடம் கேலி பேசியது அதுதான் முதல் தடவை. அதற்காகவே நான் சிராயைப் பொறுத்துக்கொண்டேன். முதலில் செய்த மூடி கோணிக்கொண்டது. அதை விறகுக்குப் போட்டுவிட்டு வேறு செய்தார். இடது கட்டைவிரலில் உளி ஏறித் தையல் போட்டோம். அப்போதும் நிறுத்தவில்லை. குடைகிறபோது தானாகப் பேசுவார். "இந்தா, இங்கதான் நீ கைய வெப்ப... இந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கணும்..." பெட்டியோடு பேசுகிறாரா, தம்பியோடு பேசுகிறாரா என்று எனக்குச் சந்தேகம். இதே பேச்சைப் போனில் பேசினால் என்ன என்று வாய்வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன்.

உள்ளே ஒட்ட மஞ்சக்குப்பத்தில் கருஞ்சிவப்பு வெல்வெட் துணி நான்தான் பார்த்து எடுத்தேன். பித்தளைக் கொக்கி, பித்தளைக் கைப்பிடி. மேலே வார்னிஷ். பொங்கலுக்குள் முடிந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. மூடியைத் திறந்தால் சிவப்புத் துணிக்குள் துப்பாக்கி தூங்குகிற மாதிரி கிடக்கும். எனக்கே அதன்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. மேற்பலகை மட்டும் தொட்டால் கொஞ்சம் பிசுபிசுவென்று இருந்தது. மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி. வார்னிஷ் இன்னும் காயவில்லை என்றார் இவர். வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று நானும் சொன்னேன்.

கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. வழக்கம்போல ஸ்டேஷனிலிருந்து போன். இந்தத் தடவை இவர் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, பூட்டி, புதுமாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஸ்டேஷனில் எழுதுகிற ஏட்டு, "என்னா சார், வீணையா? கச்சேரி எதாச்சும் இருக்குதா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதை நாலு தடவை சொல்லிச் சிரித்தார்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாசமும் அது ஸ்டேஷனிலேயே கிடந்தது. நடுவில் உத்தரவு வந்தது. துப்பாக்கி இனிமேல் தம்பி பேரில். அதனால் தேர்தல் முடிந்ததும் தம்பிதான் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்றார்கள். இவருக்கு அது இன்னும் சந்தோஷம். "நான் கொண்டுபோயி குடுத்தா வாங்கமாட்டேன்னு சொன்னாலும் சொல்லுவான். இப்ப அவனே வந்து எடுத்துக்கட்டும். பெட்டிய அவன் தொறக்கறப்ப நான் பக்கத்துல நின்னா போதும்" என்றார்.

ஆனி மாசம் ஒரு காலை நேரம். ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நானும் இவரும் கூடப்பிறந்தவனும் நின்றோம். சிதம்பரத்திலிருந்து வாடகைக் கார் வந்தது. கொழுந்தனார் இறங்கினார். ஐயோ, அது அவர்தானா? மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் குச்சியாகிவிட்டன. டயாலிசிஸ் ஊசி போடுகிற இடது கை மட்டும் வீங்கிப் புடைத்திருந்தது. முகம் கறுத்து, செருப்புக்குள் கால் அடங்காமல் பிதுங்கி, மெதுவாக நடந்து வந்தார். இவருக்கு எத்தனை வருஷத்துப் பேச்சு உள்ளே இருந்ததோ, வாயைத் திறந்து கேட்டது ஒன்றுதான்.

"சாப்ட்டியா?"

"ம்" என்றார் கொழுந்தனார்.

எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். "மாமாவே கையால செஞ்சது. மூணு மாசம் ஒக்காந்து கொடஞ்சாரு" என்று கூடப்பிறந்தவன் சொன்னான். கொழுந்தனார் பெட்டியை மேலாகத் தடவிப் பார்த்தார். நம்பரைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏட்டு சாவியை வாங்கித் திறந்தார்.

குழல் முழுக்கத் துரு. லேசான துரு இல்லை. செம்மண்ணில் புதைத்து எடுத்த மாதிரி பொரிந்து, வெல்வெட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஏட்டு தூக்கியபோது துணி பிய்ந்து கூடவே வந்தது. குழலைக் கட்டையோடு மாட்டிப் பார்த்தார், மாட்ட வரவில்லை. நம்பர் தெரிய ஈரத்துணியால் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்க்கத் தேய்க்கத் தூள் மேஜைமேல் கொட்டியது.

இவர் வாயைத் திறந்தார், மூடினார். கொழுந்தனார் துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

"இதுக்கா இத்தன வருஷம்?" என்றார்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார். பெட்டியையும் துப்பாக்கியையும் டிரைவர் தூக்கிக்கொண்டார். காரில் ஏறும்போது, "வரேன் அண்ணி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அண்ணனிடம் சொல்லவில்லை. என் வாய் சாதாரணமாகச் சும்மா இருக்கிற வாய் இல்லை. அன்றைக்கு அதில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நின்றேன். இவர் வேண்டுமென்று செய்யவில்லை தம்பி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் நேராகப் பின்பக்கம் போனார். மிச்சப் பலகை ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அறுத்த முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மேலே இழைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறோம். நாற்பது வருஷம் குடித்த உப்பு உள்ளே இருந்துகொண்டு, காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் இழுத்து, இரும்புக்கு ஊட்டியிருக்கிறது. காக்கச் செய்த பெட்டிதான் அதைத் தின்றது.

"நல்லா இருந்தவரைக்கும் நான் வெச்சிகிட்டு, நாசமா போனப்புறம் அவன்கிட்ட தள்ளி வுட்டேன்னுதான நெனைப்பான்?" என்றார்.

"அப்புடி நெனைக்காம இருக்கணும்னா போன் பண்ணுங்க. உப்புப் பலகைன்னு சொல்லுங்க. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா முடிஞ்சிரும்."

"சொன்னா நம்புவானா? கடலூர்ல இத்தன வருஷம் இருந்தவனுக்கு உப்பு தெரியாதான்னு கேப்பான்."

"அப்ப நான் பேசறேன், குடுங்க."

"நீ பேசுனா நான் செத்ததுக்கு சமம்" என்று போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். நம்பரை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். ஒரு தடவை அழுத்தி, ரிங் போவதற்குள் நிறுத்தினார். மனத்தாங்கல் பட்டவன்தான் முதலில் கேட்க வேண்டும், நான் கூப்பிட்டால் குற்றம் செய்தவன் சால்ஜாப்பு சொல்கிற மாதிரி இருக்கும் என்று ஒரு நாள் சொல்வார். மறுநாள், திட்டவாவது அவன் ஒரு போன் பண்ணமாட்டானா என்பார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு நேரில் போய் நின்றுவிடுகிறேன் என்றார். நானும் சரி என்றேன். வம்படியாக இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அடம்பிடிக்கிற மனுஷனோடு மல்லுக்கட்டி எனக்கும் அலுத்துவிட்டது.

தீபாவளி வரவில்லை. அதற்கு முன்னால், ஐப்பசி முதல் மழையில், கொழுந்தனார் போய்விட்டார்.

சிதம்பரம் போனோம். மழையிலேயே எடுத்தார்கள். இவர் மாலை போட்டுவிட்டுத் தலைமாட்டில் நின்றார். அழக்கூட இல்லை. "எம்மேல கோவத்தோடவே போயிட்டான்" என்று மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அது என்ன கோபம், என்ன விஷயம் என்று ஒன்றும் புரியாது. ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

காரியம் முடிந்த அன்றைக்கு ஓரகத்தி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். பேசாமல் இருந்த அத்தனை வருஷமும் அவள் கையைப் பிடித்ததும் காணாமல் போய்விட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். திறந்தாள். உள்ளே துப்பாக்கி இல்லை. குழலுக்காக இவர் குடைந்த நீளப் பள்ளத்தில் மாத்திரை அட்டைகள் வரிசையாகக் கிடந்தன. கட்டைக்காகக் குடைந்த இடத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு சீப்பு.

"துப்பாக்கிய மண்ணெண்ணெ போட்டு தேய்ச்சி தேய்ச்சி ஓரளவு வெளுக்க வெச்சாரு அக்கா. இப்ப ஸ்டேஷன்ல குடுத்தாச்சி. இந்தப் பெட்டிய மட்டும் பக்கத்துலயே வெச்சிருந்தாரு."

"கோவமா இருந்தாரா?" என்று கேட்டேன்.

"கோவமா? வந்த அன்னிக்கி சாயந்திரமே தெரிஞ்சி போச்சிக்கா. பெட்டிய தொட்டு நாக்குல வெச்சி பாத்தாரு. அப்புடி ஒரு சிரிப்பு. ஒடம்பு சரியில்லாம போனதுலருந்து அவரு அப்புடி சிரிச்சி நான் பாக்கல. 'கடலூர்லயே கெடந்தும் எங்க அண்ணனுக்கு உப்பு தெரியல பாரு'ன்னாரு. கொடஞ்சி வெச்சிருக்கற அழகப் பாருன்னு வந்தவங்களுக்கெல்லாம் தொறந்து காட்டுவாரு."

"அப்புறம் ஏம்மா ஒரு போன் பண்ணல?"

"நான் பண்றேன்னு எத்தினியோ தடவ சொன்னேன். வேணாம்னுட்டாரு. 'பெரியவரு. அவருதான் மொதல்ல கூப்புடணும். ஸ்டேஷன்ல நான் பேசுனது தப்புதான், ஆனா அவரு கூப்புடுவாரு பாரு'ன்னு சொல்லிகிட்டே இருந்தாரு. டயாலிசிஸ் பண்றப்பகூட போன நெஞ்சு மேலயே வெச்சிருப்பாரு. கட்டாயம் கூப்புடுவாருன்னு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே அத்தான்கிட்ட சொல்லிருங்கக்கா. எனக்கு வாய் வராது" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வயலெல்லாம் தண்ணீர். பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் தாண்டியதும், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உள்ள கூப்ட்டு என்னா சொன்னா?"

"ஒண்ணும் இல்ல. சொந்தக்காரங்க யாரு யாரு வந்தாங்கன்னு பேசிகிட்டு இருந்தோம்."

"எம்மேல கோவத்தோடவே போயிட்டான்" என்றார் மறுபடியும்.

வருஷம் ஒன்று ஆகப்போகிறது. இப்போதும் சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று அதைச் சொல்வார். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். தம்பி கோபத்தோடு போனான் என்பதை இந்த மனுஷன் எப்படியோ தாங்கிக்கொண்டு நடமாடுகிறார். தம்பி அந்த நான்கு மாசமும் நெஞ்சின்மேல் போனை வைத்துக்கொண்டு இவருக்காகக் காத்திருந்தான் என்று சொன்னால் தாங்குவாரா? நான் இன்னும் சொல்லவில்லை.